இரண்டாவது கேள்விக்கு இடம் விடுங்கள்

ஜனாதிபதி ஊடகப் பிரிவுக்கும் இலங்கைத் தொலைக்காட்சி நிலையங்களின் செய்திப் பணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

நாட்டின் ஜனாதிபதி தொலைக்காட்சியில் அமர்ந்து குடிமக்களின் கேள்விக்குப் பதில் சொல்வது நல்ல வழக்கம். எந்தக் கட்சி ஆண்டாலும் அதைக் கைவிடக் கூடாது என்பதே எங்கள் விருப்பம். அந்த அக்கறையோடுதான் இதை எழுதுகிறோம். ஒலிப்பதிவு, உரைபெயர்ப்பு, தகவல் உரிமை விண்ணப்பம் ஆகிய வேலைகளில் கைபழகியவர்கள் நாங்கள். ஆகவே குறையை மட்டும் சொல்லிவிட்டு நிற்காமல், எதை எப்படி மாற்றலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இத்தகைய நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கேட்பவர் எழுந்து வணக்கம் சொல்கிறார், கேள்வியைக் கேட்கிறார். கேட்டு முடிப்பதற்குள் உதவியாளர் ஒருவர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார். பதில் வருகிறது. அது கேட்டதற்கான பதிலா, பாதிப் பதிலா, வேறொன்றுக்கான பதிலா என்று கேட்டவருக்கு மட்டுமே சரியாகத் தெரியும். அவர் கையில் ஒலிவாங்கி இல்லை. கமராவுக்குத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். வீட்டில் பார்ப்பவர்களுக்கு அந்தத் தலையாட்டல் திருப்தியாகத் தெரிகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. கேட்டவருக்கு இரண்டாவது கேள்வியைக் கேட்க உரிமை கொடுங்கள். கீழே நாங்கள் எழுதுவதெல்லாம் அந்த ஒன்றைச் சாத்தியமாக்குவதற்கானவை.

இரண்டாவது கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம்? 2025 ஏப்ரல் 10 அன்று பலாலி–வசாவிளான் வீதி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்தபின் திறக்கப்பட்டது. "வீதி எப்போது திறக்கும்?" என்று ஒருவர் கேட்டிருந்தால், "திறந்துவிட்டோம்" என்பது உண்மையான பதில்தான். ஆனால் திறந்தபோது அங்கே நாட்டிய பலகையில் காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும், நடந்து போகக் கூடாது, இடையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று நிபந்தனைகள் இருந்தன. மாலை 5.30க்கு வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்புபவருக்கு அந்தத் திறப்பு எந்த அளவுக்குத் திறப்பு? இதை வெளியே கொண்டுவருவது இரண்டாவது கேள்விதான். முதற் கேள்விக்கு யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. பாதி உண்மையே போதும்.

மலையகத்தில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அன்றைய ஜனாதிபதி அறிவித்தார். அந்த 1,700 என்பது அடிப்படை 1,350, அதன்மேல் 350 என்ற இரண்டு துண்டுகளின் கூட்டுத்தொகை. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன, இடைக்காலத் தடை வந்தது. கடைசியில் செப்டெம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளமாக வர்த்தமானியில் ஏறியது 1,350. மே மாதமே ஒரு தொழிலாளி எழுந்து, "இதில் அடிப்படை எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதி எந்தத் தொகைக்குப் பிடிப்பீர்கள், கம்பனி வழக்குப் போட்டால் அதுவரை எங்களுக்கு என்ன?" என்று கேட்க வழி இருந்திருந்தால், நான்கு மாதம் 1,700 என்ற ஒரே எண்ணை நம்பியிருக்கும் நிலை வந்திராது.

காணி விடயமும் அப்படியே. 2025 மார்ச் 28 அன்று 2430 என்ற இலக்க வர்த்தமானியில் வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,940 ஏக்கர் காணி குறித்து அறிவித்தல் வந்தது. உரித்துக் கோருவோர் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும், கோராவிட்டால் அரச காணியாகும் என்றது அது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்து, உயர் நீதிமன்றம் ஜூன் மாதத்தில் இடைக்காலத் தடை விதித்தது. "மக்களின் காணி மக்களுக்கே" என்று எந்த மேடையிலும் சொல்லலாம். "எந்த வர்த்தமானி, எத்தனை ஏக்கர், போரில் காணி உறுதி தொலைந்தவர் எதைக் காட்ட வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர் மூன்று மாதத்தில் எப்படி வருவார்?" என்று கேட்ட பிறகுதான் அந்த வாக்கியத்துக்கு எடை வருகிறது.

பதில் சொல்பவர்கள் நழுவும் வழிகள் மிகப் பல என்று நினைக்கிறோம். உண்மையில் அவை நான்கு ஐந்துக்குள் அடங்கிவிடும். "செய்வோம்" என்றால் எந்தத் திகதிக்குள் என்பது இரண்டாவது கேள்வி. "அது அமைச்சரின் பொறுப்பு" என்றால், எந்த அமைச்சு, அவருக்கு நீங்கள் எப்போது அறிவுறுத்துவீர்கள் என்பது. "வழக்கு நிலுவையில் இருக்கிறது" என்பது நிறைய இடங்களில் வரும். எந்த நீதிமன்றம், அந்த வழக்குக்குள் வராத பகுதி எது, அதையாவது இப்போது செய்யலாமா என்று கேட்க வேண்டும். "முன்னைய அரசாங்கம் செய்த வேலை" என்றால், நீங்கள் பதவியேற்ற நாளிலிருந்து அதில் என்ன மாறியது? "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்பது இவற்றுள் மிக நேர்மையான பதில். எத்தனை நாளில், எழுத்திலா என்று மட்டும் கேட்டால் போதும். இந்த நான்கைந்தையும் கேட்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். அரை மணி நேரப் பயிற்சி போதுமானது.

முதற் கேள்வியையும் ஒன்றாகக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்பவர், பதில் சொல்பவருக்கு எளிதானதைத் தெரிந்தெடுக்கும் வசதியைக் கொடுக்கிறார். 60 சொல்லுக்குள் ஓர் இடம், ஓர் அலுவலகம், ஒரு திகதி அல்லது தொகை இருந்தால் அது பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. நன்றியும் பாராட்டும் நம் பண்பாடு, தடுக்க வேண்டாம். ஆனால் நெறியாளர் அதை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் எல்லோர் சார்பிலும் ஒருமுறை சொல்லிவிட்டால், ஒவ்வொருவரும் அரை நிமிடம் அதற்குச் செலவிடத் தேவையில்லை.

இனி ஒலிவாங்கி. கையில் கொண்டுதிரியும் ஒலிவாங்கி இருக்கும்வரை, அதைக் கொண்டுதிரிபவரே நிகழ்ச்சியின் நீதிபதி. அரங்கின் இரு பக்கத்திலும் தாங்கியில் நிற்கும் இரண்டு ஒலிவாங்கிகளை வையுங்கள். முதலாமவருக்குப் பதில் நடக்கும்போதே அடுத்தவர் மற்றைய ஒலிவாங்கிக்கு வந்து நிற்கட்டும். ஒலிப்பலகையில் இருப்பவருக்கு எழுத்தில் ஒரே அறிவுறுத்தல் போதும்: கேட்டவர் "முடிந்தது" என்று சொல்லும்வரை அல்லது இரண்டாவது பதில் முடியும்வரை அவருடைய ஒலிவாங்கியை மூடக் கூடாது. பதில் நடக்கும்போது மூச்சும் இருமலும் கேட்குமே என்றால் ஒலியளவைக் குறைத்து வைக்கலாம். முற்றாக மூடினால் மறுபடி திறக்க யாராவது கைகாட்ட வேண்டும், அந்தக் கைகாட்டல் வராது.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன், புத்தளம் போன்ற இடங்களிலிருந்து நேரடி இணைப்பில் கேட்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவர்கள் காதில் போடும் கருவிக்கு நிகழ்ச்சியின் முழு ஒலியும் போனால், அவர்கள் குரல் சற்றுத் தாமதித்து அவர்களுக்கே திரும்பிக் கேட்கும். தன் குரலே காதில் எதிரொலிக்கும்போது எவருக்கும் நாக்குத் தடுமாறும். பார்ப்பவர்கள் அவரைப் பயந்தவர் என்று எண்ணுவார்கள். அவருடைய குரலை மட்டும் நீக்கிய ஒலியை அவருக்கு அனுப்புவது ஒலிப்பலகையில் எளிய வேலை. ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். நேரலைக்கு முதல்நாள் ஒத்திகை பாருங்கள். அன்று காலை பார்க்கும் ஒத்திகையில் பிழை தெரிந்தால் திருத்த நேரம் இராது.

நேரம் போதாது என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். கேள்விக்கு 30 விநாடி, பதிலுக்கு இரண்டரை நிமிடம், இரண்டாவது கேள்விக்கு 20 விநாடி, அதன் பதிலுக்கு ஒன்றரை நிமிடம், ஆள் மாற 20 விநாடி. மொத்தம் 5 நிமிடம் 10 விநாடி. 90 நிமிட நிகழ்ச்சியில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 5 நிமிடம் போக, 16 பேர் முழுமையாகக் கேட்கலாம். ஒற்றைக் கேள்வி முறையில் ஏறத்தாழ 25 பேர் வரலாம். ஒன்பது பேர் குறைகிறார்கள், அது இழப்புத்தான். அந்த ஒன்பது பேரின் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள்.

தென் கொரியாவில் 2019 நவம்பர் 19 அன்று அப்போதைய ஜனாதிபதி மூன் ஜே-இன், முன்கூட்டியே எழுதிய கேள்விப் பட்டியல் இல்லாமல் 300 குடிமக்கள் நடுவே தொலைக்காட்சியில் அமர்ந்தார். 16,000 பேருக்கு மேல் விண்ணப்பித்திருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் இருபது அளவிலான கேள்விகளே நடந்தன. மண்டபம் முழுக்கக் கை தூக்கிய கூச்சலாகிவிட்டது என்று விமர்சித்தார்கள். எழுதிவைத்த கேள்வி இல்லாமல் நடத்தலாம் என்பதும், வரிசை முறை இல்லாமல் நடத்தக் கூடாது என்பதும் அதில் நமக்கான பாடம். ரஷ்யாவில் 2001 முதல் நடக்கும் "நேரடித் தொடர்பு" நிகழ்ச்சி நான்கு மணித்தியாலத்தைத் தாண்டியும் போகும். 2013இல் 4 மணித்தியாலம் 47 நிமிடம் நீண்டது. இலட்சக்கணக்கில் கேள்விகள் வந்து குவியும். ஒருவருடைய கூரையும் இன்னோர் ஊரின் வீதியும் அன்றே சரியாகும். மணித்தியாலம் கூடினால் பொறுப்புக்கூறலும் கூடும் என்று நம்புபவர்கள் அதைப் பார்த்தால், அப்படி இல்லை என்று தெரியும்.

மொழிக்கு வருகிறோம். இதில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமிழில் பேசுபவர். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரை சொல்கிறது. ஆனால் நேரலை சிங்களத்தில் நடந்து, தமிழ்ச் சுருக்கம் இரவுச் செய்தியில் இரண்டு நிமிடமாக வந்தால், தமிழர் கேட்பது பதிலை அல்ல, பதில் சொல்லப்பட்டது என்ற தகவலை. இரண்டாவது கேள்வி அங்கே பிறக்கவே முடியாது.

உடனுக்குடன் உரைபெயர்ப்பு செய்ய ஒருவரை மட்டும் அமர்த்தாதீர்கள். இருவர் வேண்டும், 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். அதற்கு மேல் ஒருவரே பேசினால் முதலில் உதிர்வது எண்கள், அடுத்தது எதிர்மறைகள். பேசாமல் இருப்பவருக்கும் வேலை உண்டு: ஜனாதிபதி சொல்லும் தொகையையும் திகதியையும் தாளில் எழுதி மற்றவர் கண்முன் தள்ளுவது. அவர்களுக்கு மண்டப ஒலிபெருக்கியின் சத்தம் போதாது. ஜனாதிபதியின் ஒலிவாங்கியிலிருந்து நேரே இழுத்த ஒலி காதுக்கு வர வேண்டும். சிங்களத்திலிருந்து தமிழுக்கு நேரடியாகப் பெயர்க்க வேண்டும். இடையில் ஆங்கிலத்தை வைத்தால் தாமதம் இரட்டிப்பாகும், சொல்லின் கூர்மையும் மழுங்கும். வீட்டு அன்டெனாவில் பார்ப்பவருக்கு ஒலியை மட்டும் மாற்றிக் கேட்கும் வசதி இல்லை. எனவே தமிழ் ஒலியோடு, அரச தமிழ் அலைவரிசைகளான நேத்ராவிலும் வசந்தத்திலும் அதே நேரத்தில் தனியாக ஒளிபரப்புங்கள். மூலக் குரல் பின்னணியில் மெல்லக் கேட்கட்டும், இரு மொழியும் தெரிந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

பிழை எங்கே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். "ஹொயலா பலனவா" என்று சிங்களத்தில் சொன்னால், என்னவென்று தேடிப் பார்க்கிறோம் என்று பொருள். தமிழில் அது "விசாரணை நடத்தப்படும்" என்று வந்துவிடுகிறது. "பலமு" என்றால் "பார்ப்போம்". தமிழ்ச் செய்தியில் அதுவே "நடவடிக்கை எடுக்கப்படும்" ஆகிவிடும். ஜனாதிபதி கொடுக்காத வாக்குறுதியைத் தமிழ் மக்கள் கேட்கிறார்கள், பிறகு ஏமாந்தோம் என்கிறார்கள். இரு தரப்புக்கும் அநியாயம். பில்லியன் என்றால் 100 கோடி, மில்லியன் என்றால் 10 இலட்சம் என்ற மாற்றம் அவசரத்தில் ஒரு சுழியத்தை விழுங்கும். காணியில் யாழ்ப்பாணத்தார் பரப்பில் பேசுவார்கள், அரசாங்கம் ஏக்கரிலும் ஹெக்டேயரிலும் பேசும். 10 பேர்ச்சஸ் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று உரைபெயர்ப்பாளரின் மேசையில் ஒட்டியிருக்க வேண்டும்.

தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போகும் திசையை யாரும் கவனிப்பதில்லை. தோட்டத்தில் ஒரு பெண் "அரைப்பேர் போடுறாங்க" என்று சொன்னால், நிர்ணயித்த கிலோ கொழுந்து பறிக்காததால் பாதி நாட்சம்பளமே எழுதுகிறார்கள் என்று பொருள். அந்த வழக்குத் தெரியாதவர் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஜனாதிபதியின் காதில் பொருளற்ற வாக்கியம் விழும். அவர் பொதுவாக ஏதோ சொல்வார். குற்றம் அவருடையதும் அல்ல. வடக்குக்கும் மலையகத்துக்கும் கிழக்குக்கும் வழக்கறிந்த உரைபெயர்ப்பாளர்களைத் தேடிப்பிடியுங்கள். கேட்பவர் நிகழ்ச்சிக்கு முன் பத்து நிமிடம் உரைபெயர்ப்பாளரோடு பேசட்டும். கேள்வியை அவரிடம் கொடுக்க வேண்டியதில்லை. தான் பயன்படுத்தும் சொற்களைச் சொன்னால் போதும்.

ஆட்களைத் தெரிவுசெய்வது பற்றிச் சுருக்கமாக. விண்ணப்பத்தில் தலைப்பை மட்டும் கேளுங்கள், கேள்வியைக் கேட்காதீர்கள். கேள்வியை முன்பே வாங்கினால் அது அமைச்சுக்குப் போகும், அமைச்சு ஒரு பதிலைத் தட்டச்சிட்டு அனுப்பும், நேரலை வாசிப்பாகிவிடும். மாவட்டம், மொழி, ஆண் பெண், வயது என்று பிரித்து, ஊடகவியலாளர் முன்னிலையில் குலுக்கலில் எடுங்கள். பாதுகாப்புச் சோதனை மண்டப வாசலில் நடக்கட்டும். வடக்கிலும் கிழக்கிலும் தெரிவானவரின் வீட்டுக்குச் சீருடையிலோ சாதாரண உடையிலோ ஒருவர் வந்து விசாரித்துப் போனால், அந்தக் கேள்வி அன்றிரவே செத்துவிடும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்க்கு அந்தக் கதவுத் தட்டல் எதை நினைவூட்டும் என்று உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. பெயரையும் முகத்தையும் காட்ட விரும்பாதவருக்குக் குரல் மட்டும் போகும் வழியைக் கொடுங்கள். அப்படிக் கேட்பவருக்கும் இரண்டாவது கேள்வி உண்டு.

நெறியாளர்களிடமும் ஒரு வார்த்தை. 2025 மார்ச் 6 அன்று ஒளிபரப்பான அல்ஜசீரா நேர்காணலில் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்கவிடம் பட்டலந்தை வதைமுகாம் பற்றிய ஆணைக்குழு அறிக்கை குறித்துக் கேட்டார்கள். 1995இல் நியமித்த ஆணைக்குழு அது, அறிக்கை பல ஆண்டுகளாகத் தூங்கியது. நெறியாளர் ஒரு பதிலோடு விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். எட்டு நாளில், மார்ச் 14 அன்று, அந்த அறிக்கை பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. அந்த நேர்காணலின் தொனி பிடிக்கவில்லை என்றவர்கள் இருக்கிறார்கள், அது வேறு விவாதம். விடாத கேள்வியால் ஒரு கோப்பு மேசைக்கு வந்தது. பதவியில் இருப்பவரிடம், நம் நாட்டு அரங்கில், நம் மொழிகளில் அதைச் செய்ய நம் நெறியாளர்களுக்குத் திறமை இருக்கிறது. அனுமதிதான் தேவை.

நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் எல்லாம் காற்றில் போகிறது. 2020 செப்டெம்பரில் பதுளை மாவட்டம் ஹல்துமுல்லையில் கிராம மக்களுடனான சந்திப்பில், தன் வாய்மொழி உத்தரவையே சுற்றறிக்கையாகக் கொள்ளும்படி அப்போதைய ஜனாதிபதி அதிகாரிகளிடம் சொன்னார். மக்களுக்கு அது நம்பிக்கையாக இருந்திருக்கும். ஆனால் ஒரு பிரதேச செயலாளர் நிதிப் பிரமாணங்களுக்கும் தாபன விதிக்கோவைக்கும் உட்பட்டவர். கடிதமில்லாமல் ஒரு ரூபாவைச் செலவழித்தால் கணக்காய்வு அவரைத்தான் கேட்கும். ஆகவே அவர் கடிதத்துக்குக் காத்திருப்பார். கடிதம் வராது. மக்கள் அவரைத் திட்டுவார்கள். தொலைக்காட்சிப் பதிலை எழுத்தாக்கும் பொறுப்பு ஜனாதிபதி செயலகத்துடையது. 24 மணித்தியாலத்தில் மும்மொழியிலும் முழு ஒளிப்பதிவு, மூன்று நாளில் சொல்லுக்குச் சொல் எழுத்து வடிவம், ஏழு நாளில் வாக்குறுதிப் பதிவேடு. ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே யார் செய்வது, எந்தத் திகதிக்குள், கடித இலக்கம் என்ன என்று இருக்க வேண்டும். அடுத்த நிகழ்ச்சியில், மேலே கணக்கிட்ட 90 நிமிடத்துக்கு முன் பத்து நிமிடம் அந்தப் பதிவேட்டை வாசிப்பதற்கு.

பதிவேடு வெளிவராவிட்டால் குடிமக்கள் கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறோம். எந்தத் திகதியில் எந்த அலைவரிசையில் எந்த வாக்குறுதி சொல்லப்பட்டது என்று எழுதி, அது தொடர்பாக அனுப்பிய கடிதங்களின் பிரதியைக் கேளுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் அது தகவல் கோரிக்கை ஆகாது என்று தட்டிக்கழிக்க இடம் கொடுக்கிறீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாளுக்குள் தீர்மானம் வர வேண்டும். வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் அப்பால் தகவல் உரிமை ஆணைக்குழு. "அத்தகைய கடிதம் எதுவும் இல்லை" என்ற பதில் வந்தாலும் அதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த நிகழ்ச்சியில் உங்கள் இரண்டாவது கேள்விக்கான ஆதாரம் அதுதான்.

ஜனாதிபதி ஊடகப் பிரிவிடம் இப்போது கேட்கிறோம். அடுத்த நேரலையில், கேட்டவரின் ஒலிவாங்கி இரண்டாவது பதில் முடியும்வரை திறந்திருக்குமா? தமிழ் ஒலி அதே நேரத்தில் போகுமா? பதிலைத் தமிழில், எழுத்தில், 14 வேலை நாளுக்குள் தாருங்கள். அந்தப் பதில் "பார்ப்போம்" என்பதானால், எங்கள் இரண்டாவது கேள்வியை இப்போதே பதிந்துவிடுகிறோம்: எந்தத் திகதிக்குள், யார் பொறுப்பில்?

இங்ஙனம்,
வடக்கிலும் மலையகத்திலும் இருந்து, கேள்விகளோடு காத்திருக்கும் வாக்காளர்கள்